இயற்றிய தோசை

'இயற்று – செய், உருவாக்கு.' பாடத்தின் அடியில் அருஞ்சொற்பொருள் இப்படி இருக்கிறது. அதற்கும் கீழே பயிற்சி: வாக்கியத்தில் அமைத்து எழுதுக. மூன்றாம் வகுப்புக் குழந்தை பென்சிலைக் கடித்தபடி யோசித்துவிட்டு எழுதுகிறது: "அம்மா தோசை இயற்றினார்." அடுத்த சொல், 'ஈன்ற – பெற்ற'. "நான் கணக்கில் நூறு மதிப்பெண் ஈன்றேன்." அதற்கடுத்து, 'பொழி – கொட்டு'. "அக்கா குப்பையைத் தொட்டியில் பொழிந்தாள்."

சிரிப்பு வரும். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன்பு, குழந்தை எங்கே வழி தவறியது என்று கொஞ்சம் பார்க்கலாம். இயற்று என்றால் செய் என்று புத்தகமே சொல்லியிருக்கிறது. தோசையை நாம் செய்கிறோம். ஆகவே தோசையை இயற்றலாம். இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. ஓட்டை இருப்பதெல்லாம் இரண்டு சொற்களுக்கும் நடுவே போட்ட அந்தச் சின்னக் கோட்டில்தான். கணக்குப் பாடத்தின் சமக்குறியாக அதைக் குழந்தை எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் உள்ளதை அந்தப் பக்கம் தூக்கி வைத்தது.

விவரமான பிள்ளைகள் இந்த வம்பிலேயே மாட்டுவதில்லை. "'இயற்று' என்பது ஒரு நல்ல சொல்" என்று எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வாக்கியம் சரி, சொல்லும் அதில் இருக்கிறது. பொருள் தெரிந்ததா என்று மட்டும் யாருக்கும் தெரியாது. தோசை இயற்றிய குழந்தை இவர்களைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. அது சொல்லைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியாவது பார்த்தது.

இது தமிழுக்கு மட்டும் வந்த சோதனை அன்று. குறுகியகால நினைவின் கொள்ளளவு ஏழையொட்டியது என்று 1956-ல் எழுதிப் புகழ்பெற்ற உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், பின்னாளில் பட்ரீஷியா கில்டியாவுடன் சேர்ந்து இதே பிரச்சினையைக் கையில் எடுத்தார். தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புக் குழந்தைகளிடம் அகராதியைக் கொடுத்து, தெரியாத சொல்லைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 1987-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. 'ஸ்டிமுலேட்' என்பதற்குத் தூண்டுதல் என்று பொருள். அகராதியில் அதற்கு நேரே கிளறிவிடுதல் என்றும் போட்டிருந்தது. அதைப் பார்த்த ஒரு குழந்தை, ஓர் அம்மாள் சூப்பை 'ஸ்டிமுலேட்' செய்ததாக எழுதியது. கிளறினால் சூப்பைத்தானே கிளற வேண்டும்! அகராதி வரியில் தனக்குப் பழக்கமான ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வது, அந்தத் துண்டை வைத்து ஒரு வாக்கியம் கட்டுவது, பிறகு அதை எடுத்துவிட்டுப் புதுச் சொல்லைச் செருகுவது. குழந்தைகள் கையாண்ட வழி இதுதான் என்று அவர்கள் விளக்கினார்கள். நம் தோசையும் அந்த வழியில்தான் வந்தது.

இத்தனைக்கும் இதே குழந்தை பள்ளிக்கு வருவதற்கு முன் ஆயிரக்கணக்கான சொற்களை ஓர் அருஞ்சொற்பொருளும் இல்லாமல் கற்றிருக்கிறது. அது எப்படி என்பதே ஒரு புதிர். அமெரிக்கத் தத்துவவாதி வில்லார்ட் குவைன் 1960-ல் அந்தப் புதிரை ஒரு முயலை வைத்துச் சொன்னார். மொழி தெரியாத ஊருக்கு ஓர் ஆராய்ச்சியாளர் போகிறார். புதரிலிருந்து முயல் ஓடுகிறது. ஊர்க்காரர் அதைக் காட்டி 'கவகாய்' என்கிறார். கவகாய் என்றால் முயலா? முயலின் ஓட்டமா? அதன் வெள்ளை நிறமா? காதா? இல்லை, 'இன்று இரவு நல்ல சாப்பாடு' என்பதா? தர்க்கப்படி பார்த்தால் வாய்ப்புகளுக்கு முடிவே இல்லை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தை இந்தச் சிக்கலில் ஒரு நொடிகூட நிற்பதில்லை. 'நாய்' என்று காட்டினால் முழு நாயையும் எடுத்துக்கொள்கிறது. வாலை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. புதுப் பெயர் காதில் விழுந்தால், பெயர் தெரியாத பொருள் எதுவோ அதற்கு அதை ஒட்டிவிடுகிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்ற நினைப்பில் குழந்தை இயங்குவதை எல்லன் மார்க்மன் முதலிய உளவியலாளர்கள் 1980-களில் சோதனைகளில் காட்டினார்கள். இவையெல்லாம் குறுக்குவழிகள். பெரும்பாலும் பலிக்கும் குறுக்குவழிகள்.

எவ்வளவு வேகமாகப் பலிக்கும் என்பதற்கு 1978-ல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் செய்த சோதனை ஓர் உரைகல். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் படிக்கும் மழலையர் பள்ளி. இரண்டு தட்டுகள், ஒன்று நீலம், இன்னொன்று ஆலிவ் காய் போன்ற மங்கிய பச்சை. ஆசிரியர் வழக்கமான வேலையின் நடுவே போகிறபோக்கில், நீலத்தட்டு வேண்டாம், 'குரோமியம்' தட்டைக் கொண்டு வா என்று கேட்கிறார். அவ்வளவுதான். பாடம் கிடையாது, விளக்கமும் கிடையாது. குழந்தை சரியான தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. நாள்கள் கழித்துச் சோதித்தபோது பல குழந்தைகளிடம் அந்த ஒரே உரையாடலின் தடம் மிஞ்சியிருந்தது. எல்லோரிடமும் ஒரே தடம் இல்லை. அது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்ற அளவில் சிலரிடம் நின்றிருந்தது. சிலர் அதைப் பச்சையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். இப்படிச் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்குக் கேரி கொடுத்த பெயர் விரைவுப் பொருத்தம். இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் வேகத்தைப் பற்றி மட்டும் வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதன் மறுபாதிதான் முக்கியமாகப் படுகிறது. ஒட்டியது அரைகுறையாகத்தான் ஒட்டியது. மீதிக்கு மாதங்கள், சில சொற்களுக்கு வருடங்கள்.

ஆக, ஒரு சொல் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1965-ல் சொல்லறிவை நான்கு படிகளாகப் பிரித்தார். கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டிருக்கிறேன், பொருள் தெரியாது. வாக்கியத்தில் வந்தால் எதைப் பற்றியது என்று புரியும். நன்றாகத் தெரியும். 'சாசனம்', 'முகாந்திரம்', 'பிரமேயம்' என்று மூன்று சொற்களை வைத்துப் பெரியவர்களே தங்களைச் சோதித்துப் பார்க்கலாம். பலருக்கு மூன்றும் மூன்று படியில் நிற்கும். எட்டு வயதுக் குழந்தைக்குப் பாடப்புத்தகத்தின் பாதிச் சொற்கள் நடுப்படிகளில்தான் நிற்கின்றன. தேர்வு கேட்பதோ நான்காம் படியை மட்டும்.

இங்கே தமிழ்க் குழந்தைக்கென்று ஒரு தனிக்கதை உண்டு. வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று. சார்லஸ் ஃபெர்கூசன் 1959-ல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரையை மொழியியல் மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். அதன் பொருள் என்ன என்பது ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கட்டுரை படிக்காமலே தெரியும். குழந்தை 'ஒக்காரு' என்கிறது, புத்தகம் 'அமர்' என்கிறது. 'தண்ணி' என்கிறது, 'நீர்' என்கிறது. 'வூடு' என்கிறது, 'இல்லம்' என்கிறது. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. அங்கே உரையாடுவதற்குக் 'கதைக்கிறது' என்பார்கள், 'பேசுறது' என்றால் திட்டுவது. 'ஆசிரியர் மாணவனிடம் பேசினார்' என்று புத்தகத்தில் படித்தால் அந்தப் பையன் என்ன தப்புச் செய்தானோ என்று குழந்தை கவலைப்பட இடமிருக்கிறது.

இந்த இடத்தில் அந்தச் சின்னக் கோட்டுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். 'அமர் – உட்கார்' என்பதில் அது பொய் சொல்லவில்லை. உட்காருவது என்றால் என்னவென்று குழந்தைக்குத் தெரியும். தெரிந்த விஷயத்துக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். ஒரு வரி போதும். 'இயற்று' அப்படிப்பட்டதில்லை. பாட்டை இயற்றலாம், நூலை இயற்றலாம், சட்டத்தை இயற்றலாம். தோசையையும் நாற்காலியையும் இயற்ற முடியாது. அறிவையும் சொல்லையும் கொண்டு ஆக்குவதற்கென்று தனியாக ஒரு சொல் இருக்கிறது என்ற எண்ணமே குழந்தைக்குப் புதிது. தெரிந்த கருத்துக்குப் புதுப்பெயர், புதுக் கருத்துக்குப் புதுப்பெயர் என்று இரண்டு வகை. அருஞ்சொற்பொருள் பட்டியல் இரண்டையும் ஒரே வரிசையில், ஒரே கோட்டைப் போட்டு அடுக்கிவிடுகிறது. டீச்சர் செய்யக்கூடிய முதல் வேலை, பாடம் நடத்துவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்து எது எந்த வகை என்று பென்சிலால் குறித்துக்கொள்வது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. முதல் வகையைப் போகிறபோக்கில் சொல்லிவிடலாம். மிச்சமாகும் நேரம் முழுவதும் இரண்டாம் வகைக்கு.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டு மனப்பாடம் செய்ததை இன்று பலர் கேலி பேசுகிறார்கள். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டை வரிவரியாக ஒப்பித்தவர்களுக்கு ஒரு பொருளுக்குப் பத்துப் பெயர் நாக்கில் நிற்கும். அந்தப் படிப்பு முட்டாள்தனமாக இருந்தால் அத்தனை நூற்றாண்டு ஓடியிருக்காது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. அடுத்து அந்தாதி, கலம்பகம், புராணம் என்று செய்யுளாகப் படித்தார்கள். நிகண்டில் பார்த்த பெயர் ஒவ்வொன்றும் செய்யுளில் திரும்பத் திரும்ப வந்து நின்றது. நம் காலத்தில் மனப்பாடம் மட்டும் தங்கிவிட்டது, பின்னால் வந்த வாசிப்பு கழன்றுவிட்டது.

அப்படியானால் பட்டியலை விட்டுவிட்டு நிறையப் படிக்க விட்டால் போதுமா? சொற்கள் தானாக வந்து சேரும் என்று சொல்பவர்கள் ஒரு பெருங்கட்சி. அதில் பாதி உண்மை. 1999-ல் ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இயல்பாகப் படித்துக்கொண்டு போகும் மாணவர், எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சுமார் 15 சதவீதத்தைத்தான் ஓரளவு கற்றுக்கொள்கிறார். நிறையப் படிப்பவருக்கு இந்த 15 சதவீதமே பெரிய சொத்தாகச் சேரும். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தை எவ்வளவு படித்துவிடும்?

படிக்கும் இடமும் எப்போதும் உதவுவதில்லை. "எல்லாரும் சிரித்தார்கள். பரிசு கிடைக்காத முத்து மட்டும் வாட்டமாக நின்றான்" என்று இருந்தால் வாட்டம் என்னவென்று ஊகிக்கலாம். "முத்து வாசலில் வாட்டமாக நின்றான்" என்று மட்டும் இருந்தால்? வாட்டசாட்டமாக நின்றான் என்று ஒரு குழந்தை எடுத்துக்கொண்டால் அதில் ஆச்சரியமில்லை. கதை எழுதுபவர் சொல்லுக்குப் பொருள் சொல்லித்தருவதற்காக எழுதவில்லை. பொருள் தெரிந்தவர்கள் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறார். சூழல் சில நேரம் உதவும், சில நேரம் கையை விரிக்கும், சில நேரம் தப்பான தெருவிலேயே கொண்டுபோய் விடும் என்பதைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் குழுவினர் 1983-லேயே எடுத்துக்காட்டினார்கள்.

பட்டியலுக்கும் தனி வாசிப்புக்கும் நடுவே ஒரு பழைய வழி இருக்கிறது: பெரியவர் கதை வாசிப்பது, குழந்தைகள் கேட்பது. நியூசிலாந்தில் வார்விக் எல்லி இதை அளந்து பார்த்து 1989-ல் வெளியிட்டார். ஏழெட்டு வயதுக் குழந்தைகள், சாதாரண வகுப்பறை, அவர்களுடைய சொந்த ஆசிரியர்கள். கதையை மட்டும் வாசித்தபோது புதுச்சொற்களில் ஏறக்குறைய 15 சதவீதம் தேறியது. வாசிக்கும்போதே சொல்லுக்கு ஒரு சிறு விளக்கம், படத்தைக் காட்டுவது, ஒரு நடிப்பு என்று சேர்த்தபோது 40 சதவீதம் வரை போனது. கூடுதலாகச் செலவான நேரம் சொல்லுக்குச் சில நொடிகள். தொடக்கத்தில் சொற்கள் குறைவாகத் தெரிந்த குழந்தைகளும் மற்றவர்கள் அளவுக்கு முன்னேறினார்கள். கல்வி ஆய்வுகளில் இப்படி ஒரு முடிவு கண்ணில் படுவது அபூர்வம்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது? இரண்டாம் வகுப்பு. டீச்சர் கதை வாசிக்கிறார். ஆட்டுக்குட்டி ஓடைக்கரைவரை ஓடி வந்தது, தண்ணீரைப் பார்த்ததும் தயங்கியது. டீச்சர் புத்தகத்தை மூடவில்லை, கரும்பலகைக்கும் போகவில்லை. "தயங்குறதுன்னா, செய்யலாமா வேண்டாமான்னு மனசு ரெண்டு பக்கமும் இழுக்க, அப்படியே நிக்கிறது" என்கிறார். ஒரு காலை முன்னால் வைத்துப் பின்னால் இழுத்துக் காட்டுகிறார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கதை மேலே போகிறது. முடிந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வருகிறார்.

"ஐஸ் வாங்கித் தரேன்னா நீ தயங்குவியா?"

"மாட்டேன் டீச்சர்!"

"தெரியாத நாயைத் தடவச் சொன்னா?"

"தயங்குவேன்." ஒருவன் மட்டும், "நான் தயங்கமாட்டேன், எங்க வீட்டுல நாய் இருக்கு" என்கிறான். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, "எங்க ஆயா பஸ்ல ஏறத் தயங்கும் டீச்சர்" என்கிறாள்.

"ஏன்?"

"முட்டி வலிக்கும்."

இது தயக்கமா? டீச்சர் கொஞ்சம் யோசிக்கிறார். "முட்டி வலிச்சா மெதுவா ஏறுவாங்க. விழுந்துடுவோமோன்னு பயந்து ஏறலாமா வேண்டாமான்னு நின்னா, அது தயங்குறது. உங்க ஆயா எப்படி?" அவள் நினைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும்தான்" என்கிறாள்.

சொல்லின் எல்லை தீர்மானமாகும் இடம் இதுதான். மெதுவாகச் செய்வது தயக்கம் ஆகாது, பயம் மட்டும் இருந்தாலும் ஆகாது. 'தயங்கு – பின்வாங்கு' என்று கோடு போட்டிருந்தால் இந்த எல்லை தட்டுப்பட்டே இருக்காது. விளக்கம் எளிய பேச்சுத்தமிழில், முழு வாக்கியமாக இருந்ததையும் கவனியுங்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-ல் வெளிவந்த கோபில்ட் அகராதி முழு வாக்கியத்தில் பொருள் சொல்லும் முறையைப் பரப்பியது. தமிழில் 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் சொன்னது. ஆசிரியர் மேசையில் ஒரு பிரதி இருந்தால் 'இயற்று' போன்ற சொற்களில் பாதிச் சங்கடம் தீரும்.

எல்லாச் சொல்லுக்கும் இத்தனை உபசாரம் செய்ய முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது? பெக், மெக்கியோன், லிண்டா குக்கன் மூவரும் 2002-ல் எழுதிய நூலில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். பூனை, ஓடு, சிவப்பு முதல் அடுக்கு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒளிச்சேர்க்கை, தீபகற்பம், வகுஎண் மூன்றாம் அடுக்கு; அந்தந்தப் பாடத்தில் அவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில்தான் விஷயம் இருக்கிறது: தயங்கு, ஒப்பிடு, நெருக்கடி, சலிப்பு, உறுதி, ஏற்பாடு, விளைவு. எல்லாப் பாடத்திலும் வரும், பெரியவர்கள் பேச்சில் வரும், செய்தியில் வரும். நமக்கு மிகவும் பழகிப்போனதால் குழந்தைக்கும் தெரியும் என்று தாண்டிப் போய்விடுகிறோம். வினாத்தாளில் 'வேறுபடுத்துக' என்று இருக்கும்போது, அறிவியல் தெரிந்தும் அந்த ஒரு சொல் தெரியாமல் மதிப்பெண் இழக்கும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அருஞ்சொற்பொருள் பட்டியல்களில் பழஞ்செய்யுள் சொற்கள் நிறைய இருக்கும், இந்த நடு அடுக்குச் சொற்கள் அரிதாகத்தான் தலைகாட்டும்.

ஏழை வீட்டுக் குழந்தைக்குச் சொல்வளம் குறைவு என்று ஒரு பேச்சு அடிக்கடி எழும். அதற்கு அடிப்படை, பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் கான்சஸ் நகரப் பகுதியில் 42 குடும்பங்களைப் பின்தொடர்ந்து, வசதியான வீட்டுக்கும் ஏழை வீட்டுக்கும் நடுவே பள்ளிக்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தை கேட்கும் சொற்களில் மூன்று கோடி வித்தியாசம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். எண் பெரியது, உலகம் முழுவதும் பரவியது. 42 வீடுகளிலிருந்து பெருக்கி எடுத்த எண் அது என்பது அவ்வளவாகப் பரவவில்லை. பின்னால் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் வேறு ஊர்களில் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படியே தென்படவில்லை. குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசும் பேச்சையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மாறியது. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் பேசும் நடுவில் வளரும் நம் குழந்தைகளை அம்மா பேசும் சொற்களை மட்டும் எண்ணி அளப்பது எப்படிச் சரியாகும்? கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்கு மீன்களின் பெயர்களும் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்களும் தெரியும். அவனுடைய வகுப்பாசிரியருக்கு அவற்றில் பாதி தெரியாது. சொல்வளம் அவனிடம் இருக்கிறது. பள்ளி கேட்கும் சொற்கள் வேறு. இதை ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சொற்களை அவனுக்குச் சொல்லித்தருவது பள்ளியின் பொறுப்பு என்பதும் விளங்கும்.

தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளி சொல்லித்தரத் தவறும் ஒரு சாவி உண்டு. சொல்லின் உள்ளமைப்பு. 1958-ல் ஜீன் பெர்கோ இல்லாத ஒரு பறவைக்கு 'வக்' என்று பெயரிட்டு, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். அதுவரை கேட்டிராத சொல்லுக்குக் குழந்தைகள் சரியாகப் பன்மை சொன்னார்கள். விகுதியின் கணக்கு அவர்களுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் இந்தக் கணக்கு இன்னும் தாராளம். வளர்–வளர்ச்சி, மகிழ்–மகிழ்ச்சி, தளர்–தளர்ச்சி என்று மூன்றைப் பார்த்த குழந்தை 'நெகிழ்ச்சி'யைப் பார்த்தால் அதற்குள் 'நெகிழ்' இருப்பதைத் தானே கண்டுபிடிக்கும். பயில்–பயிற்சி இன்னும் ஓரடி தள்ளி. முயல்–முயற்சி என்று வரும்போது வகுப்பு முழுவதும் காது நீண்ட முயலை நினைத்துச் சிரிக்கும். சிரிக்கட்டும், மறக்காது. 'பிரித்து எழுதுக' என்ற பயிற்சி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 'நெடுந்தூரம் = நெடுமை + தூரம்' என்று எழுதி முடித்ததும் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுகிறோம். நெடுஞ்சாலை, நெடுங்கதை, நெடுநேரம் என்று நாலைந்தைச் சொல்ல வைத்தால் அதே இரண்டு நிமிடத்தில் இலக்கணப் பயிற்சி பொருள் பயிற்சியாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் குழந்தை மறக்கும். திங்கட்கிழமை அழகாகச் சொன்ன 'தயக்கம்' வெள்ளிக்கிழமை காணாமல் போயிருக்கும். இதில் டீச்சர் மனம் சோர வேண்டியதில்லை. மூளையின் வேலையே அப்படித்தான் நடக்கிறது. லிசா ஹெண்டர்சன், கரெத் காஸ்கெல் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 12 வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் புதுச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குக் காலையில், சிலருக்கு மாலையில். பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது, நடுவே தூங்கி எழுந்தவர்களுக்குச் சொற்கள் முன்பைவிட நன்றாக நினைவுக்கு வந்தன. விழித்திருந்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. பகலில் தற்காலிகமாக ஒட்டிய சொல், தூக்கத்தில் ஏற்கெனவே உள்ள சொற்களோடு பின்னப்படுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். பாடம் நடத்திய அன்றே வைக்கும் சொல்–பொருள் தேர்வு அன்றைய ஒட்டுதலை மட்டும்தான் அளக்கிறது.

புதிதாகப் பூசிய சிமென்ட் சுவருக்குச் சில நாள்கள் விட்டு விட்டுத் தண்ணீர் காட்டுவது போல, சொல்லுக்கும் இடைவெளி விட்டு வேலை இருக்கிறது. மெக்கியோன், பெக் குழுவினர் 1985-ல் நான்காம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள். சில சொற்களை 4 முறை சந்திக்க வைத்தார்கள், சிலவற்றை 12 முறை. பொருள் சொல்வதற்கு 4 முறையே ஓரளவு உதவியது. ஆனால் அந்தச் சொல் வரும் கதையைப் படித்துப் புரிந்துகொள்வதில் 12 முறை சந்தித்தவை மட்டுமே கைகொடுத்தன. பொருளைச் சரியாகச் சொல்லும் குழந்தை அதே சொல் உள்ள பத்தியைப் படித்துத் திணறுவதை எல்லா ஆசிரியரும் பார்த்திருப்பார்கள். அந்த இரண்டு நிலைக்கும் நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய எட்டுச் சந்திப்பு.

அந்தச் சந்திப்புகள் எப்படிப்பட்டவை என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. மறுபடி பார்ப்பதைவிட, மறுபடி நினைவிலிருந்து எடுப்பது வலுவானது. கார்ப்பிக், ரோடிகர் 2008-ல் கல்லூரி மாணவர்களிடம் 40 சுவாஹிலிச் சொற்களை வைத்துச் செய்த சோதனை இதில் பெயர்பெற்றது. கற்ற பிறகும் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 சதவீதம் நினைவில் நின்றது. எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டுப் பார்ப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட நிற்கவில்லை. அவர்கள் பெரியவர்கள், பட்டியலும் வெறும் பட்டியல். இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: "தயங்குன்னா என்னன்னு போன வாரம் பாத்தோமே" என்று டீச்சரே சொல்லிவிடாமல், "அந்த ஆட்டுக்குட்டி ஓடைக்கரையில என்ன பண்ணுச்சு? அதுக்கு ஒரு சொல் பாத்தோமே?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருப்பது. காத்திருப்பதுதான் கஷ்டம்.

அதே கதையை மறுபடி வாசிக்கச் சொல்லும் குழந்தையைக் கண்டு சலித்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு செய்தி. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்தது இது: புதுச்சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அவற்றை நன்றாகக் கற்றார்கள். இத்தனைக்கும் ஒவ்வொரு சொல்லையும் இருசாராரும் கேட்ட எண்ணிக்கை ஒன்றுதான். கதை தெரிந்துவிட்டால் கவனத்தைச் சொல்லுக்குக் கொடுக்க முடிகிறது போலும்.

பாடப்புத்தகம் தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இரண்டாம் பாடத்தின் அருஞ்சொல், பொருளோடு அங்கேயே அடக்கமாகிவிடுகிறது. மறுபடி அது தலைகாட்டுவது பருவத் தேர்வில்தான். ஐந்தாம் பாடத்தின் கதையில் இரண்டாம் பாடத்துச் சொற்களில் மூன்றையும், ஏழாம் பாடத்தில் இன்னும் இரண்டையும் வேண்டுமென்றே நுழைத்து எழுதினால் செலவு ஒன்றும் இல்லை. எழுதுபவருக்குக் கொஞ்சம் தலைவலி, அவ்வளவே.

புத்தகம் மாறும்வரை வகுப்பறை தானாகச் செய்துகொள்ளக்கூடியது ஒன்று, பெக் குழுவினர் நான்காம் வகுப்பில் நடத்திய விளையாட்டு. சுவரில் ஓர் அட்டை, அதில் பிள்ளைகளின் பெயர்கள். வகுப்பில் படித்த சொல்லைப் பள்ளிக்கு வெளியே யார் கேட்டாலும் பார்த்தாலும் பேசினாலும் வந்து சொல்ல வேண்டும், ஒரு புள்ளி. நம் ஊரில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ரேஷன் கடைப் பலகையில் 'இருப்பு' எழுதியிருக்கிறது. பேருந்தில் சன்னலுக்கு மேலே 'இருக்கை' என்று போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் டிவி முழுவதும் 'எச்சரிக்கை'. எங்கே பார்த்தாய், யார் சொன்னார்கள், அங்கே அதற்கு என்ன பொருள் என்று மூன்றையும் சொன்னால் முழுப் புள்ளி. பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் அரைப் புள்ளி கொடுக்கலாமா என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை வரும். கொடுக்கலாம். டேலின் படிகளில் அந்தக் குழந்தை முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு வந்துவிட்டது.